மெய்டன்: 1564ஆம் ஆண்டின் தலைவெட்டு எந்திரத்தை மாதிரிக்காக வரைவது எப்படி

எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘மெய்டன்’ பிரெஞ்சு கில்லட்டினுக்கு 228 வயது மூத்தது. பெயருக்குப் பொருள் கன்னி. 1564இல் ஓக் மரத்தில் செய்தார்கள். ஆடம் ஷாங், பேட்ரிக் ஷாங் என்ற தச்சர்களின் பெயர்கள் அந்த ஆண்டுக் கணக்கில் இருக்கின்றன. 1710 வரை 150 பேருக்கு மேல் இதில் தலையிழந்தார்கள். மாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் 1872ஆம் ஆண்டு பிரெஞ்சு வடிவத்தைத் தேடித்தான் போகிறார்கள். ஆனால் முதன்முதலாக வரைபடத் தொகுப்பு போடுபவருக்கு மெய்டன்தான் ஏற்றது. உறுப்புகள் குறைவு, எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருக்கின்றன, முக்கிய அளவுகள் அடி அங்குலமாகப் பதிவாகி இருக்கின்றன.

வரைய உட்காரும் முன் ஒரு பழங்கதையைக் கழற்றி வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த மார்ட்டன் பிரபு இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் இப்படியொரு எந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்து இதைச் செய்யவைத்தார், கடைசியில் அவரே இதன் முதல் பலி என்பது கதை. மார்ட்டன் இதில் இறந்தது உண்மை. ஆனால் அது 1581இல். அதற்குள் எந்திரம் 17 ஆண்டு பழசு. இதை இங்கே சொல்லக் காரணம், கதையை நம்புகிறவர்கள் ஹாலிஃபாக்ஸ் எந்திரத்தின் அமைப்பை மெய்டனில் ஏற்றிவிடுகிறார்கள் என்பதுதான். ஹாலிஃபாக்ஸில் கனமான மரக்கட்டையின் அடியில் மூன்றரைக் கிலோ கோடரித் தலை ஒன்று பொருத்தியிருந்தது. மெய்டனில் மரக்கட்டை கிடையாது, கத்தியின் தலையில் ஈயம். இன்னும் அடிக்கடி பார்க்கிற தவறு சாய்ந்த கத்தி. சாய்ந்த விளிம்பு 1792இன் பிரெஞ்சு எந்திரத்துக்கு உரியது. மெய்டனின் கத்தி செவ்வகம், வெட்டும் விளிம்பு கிடைமட்டம். ஆளைப் படுக்கவைத்துச் சாய்க்கும் பலகையும் வட்டத் துளையுள்ள இரட்டைப் பலகையும் இதில் இல்லை.

கையில் இருக்கும் அளவுகள்

அடிக்கட்டை 5 அடி நீளம். அதில் துளையிட்டுக் கழுந்து (காலின் ஒடுக்கிய முனை) இறக்கி நிறுத்திய நிலைக்கால்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 10 அடி உயரம், 4 அங்குல அகலம், 3½ அங்குலக் கனம், விளிம்புகள் சீவியவை. அடிக்கட்டையின் இரு முனைகளிலிருந்தும் கிளம்பும் சாய்முட்டுகள், கீழிருந்து 4 அடி உயரத்தில் நிலைக்கால்களைப் பிடிக்கின்றன. உச்சியில் 2 அடி நீளத் தலைச்சட்டம். கழுத்து வைக்கும் குறுக்குக்கட்டை கீழிருந்து 3¼ அடியில் இருக்கிறது. 8 அங்குல அகலம், 4½ அங்குலக் கனம், மேல்விளிம்பில் குடைந்த பள்ளத்தில் ஈயம். கத்தி இரும்பு, விளிம்பில் எஃகு. குறுக்கே 13 அங்குலம், உயரம் 10½ அங்குலம். அதன் மேல் 75 பவுண்டு ஈயம். கத்தி ஓடும் காடிகளுக்கு, அதாவது நிலைக்கால்களின் உள்முகத்தில் வெட்டிய நீளப் பள்ளங்களுக்கு, செம்புத் தகடு உறை. கழுத்தின் மேல் இறக்கும் இரும்புப் பட்டை ஒரு நிலைக்காலில் கீலில் தொங்குகிறது.

இந்த எண்களை அப்படியே தாளில் ஏற்றினால் வரைபடம் ஆகிவிடாது. எழுத்தில் இருக்கும் அளவு எங்கிருந்து எதுவரை என்று சொல்லாது. ‘கீழிருந்து 3¼ அடி’ என்பதைப் பாருங்கள். அது 39 அங்குலம். கட்டையின் மேல்விளிம்பு வரையா, கீழ்விளிம்பு வரையா? கட்டையே 8 அங்குலம் என்பதால் கழுத்து இருக்கும் உயரம் 39 அங்குலமாகவும் இருக்கலாம், 47 ஆகவும் இருக்கலாம். 1:6 மாதிரியில் இது 34 மி.மீ. வித்தியாசம், பார்த்தவுடன் கண்ணில் குத்தும். தீர்ப்பது எளிது. நேரெதிரில் நின்று எடுத்த படத்தில் நிலைக்காலின் முழு உயரத்தையும், தரையிலிருந்து கட்டையின் மேல்விளிம்பு வரையுள்ள உயரத்தையும் அளந்து வகுங்கள். 0.33 அருகில் வந்தால் மேல்விளிம்பு 39இல் இருக்கிறது, 0.39 அருகில் வந்தால் கீழ்விளிம்பு. இரண்டும் நன்றாக விலகி நிற்பதால் சுமாரான படமே போதும்.

இதனால்தான் தாளில் ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் ஓர் எழுத்து போட வேண்டும். ப என்றால் பதிவில் உள்ளது, அ என்றால் படத்திலோ பொருளிலோ அளந்தது, க என்றால் மற்ற எண்களிலிருந்து கணக்கில் வந்தது, ஊ என்றால் ஊகம். மாதிரி செய்பவர் ‘ஊ’ போட்ட எண்ணைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம், ‘ப’வில் கை வைக்கக் கூடாது. எழுத்தில்லாத வரைபடத்தில் ஊகமும் உண்மையும் ஒரே தடிமனில் நிற்கும். அதைப் பார்த்து இன்னொருவர் வரையும்போது ஊகம் பதிவாகிவிடும்.

எண்கள் ஒன்றையொன்று பிடிக்கும் இடங்கள்

நிலைக்கால்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி? பதிவில் இல்லை, ஆனால் சுற்றியுள்ள எண்கள் அதை நெருக்குகின்றன. கத்தி 13 அங்குலம். இருபுறமும் காடிக்குள் அரை அங்குலம் நுழைவதாக வைத்தால் இடைவெளி 12. அதோடு நிலைக்கால்களின் அகலம் 4 + 4 சேர்த்தால் வெளிக்கு வெளி 20. தலைச்சட்டம் 24 என்பதால் இருபுறமும் 2 அங்குலம் வெளியே நீளும். துளைக்கு அப்பால் இவ்வளவு மரம் இருந்தால்தான் சட்டத்தின் முனை பிளக்காது; தச்சுக் கணக்குக்குப் பொருந்துகிறது. காடியின் ஆழத்தை ஒன்றரை அங்குலம் என்று வைத்துப் பாருங்கள். இடைவெளி 10, வெளிக்கு வெளி 18, காடி நிலைக்காலின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். எந்தத் தச்சரும் அப்படி வெட்டமாட்டார்.

அடுத்தது சாய்முட்டு. அடிக்கட்டை 60 அங்குலம், பாதி 30. நிலைக்காலின் வெளிமுகம் நடுவிலிருந்து 10. ஆக முட்டின் கிடைத்தூரம் 20, உயரம் 48. கர்ணம் சரியாக 52, அதாவது 5–12–13 முக்கோணத்தின் நான்கு மடங்கு. சாய்வு 67.4 பாகை. தச்சர்கள் வேண்டுமென்றே வைத்த முக்கோணம் இது என்று சொல்லத் தோன்றும், ஆனால் 12 என்ற இடைவெளியே ஊகத்தில் வந்தது என்பதை மறக்க வேண்டாம். மாதிரி செய்பவருக்கு லாபம் வேறு: பாகைமானி வேண்டாம், 50, 120, 130 மி.மீ. பக்கங்களோடு ஒரு தகரத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டால் நான்கு முனைகளையும் அதிலேயே குறிக்கலாம்.

ஈயத்தை எடையிலிருந்து வரைய வேண்டும், கண் அளவில் அல்ல. 75 பவுண்டு என்பது 34 கிலோ. ஈயத்தின் அடர்த்தி 11.34, கன அளவு சரியாக 3 லிட்டர். அகலம் இடைவெளிக்குள் அடங்க 30 செ.மீ., கனம் நிலைக்காலின் 8.9 செ.மீ. தாண்டாமல் 7.5 செ.மீ. என்று வைத்தால் உயரம் 13.3 செ.மீ. உங்கள் தாளில் உள்ள ஈயக்கட்டையைப் பெருக்கிப் பார்த்து 3 லிட்டர் வராவிட்டால் ஏதோ ஒரு பக்கம் தவறு.

இதே இடத்தில் அளவுமாற்றத்திலும் சறுக்குவார்கள். 1:6 என்றதும் 34 கிலோவை 6ஆல் வகுத்து 5.7 கிலோ என்று எழுதிவிடுவது. எடை கனத்தோடு போகும். 216ஆல் வகுக்க வேண்டும். 157 கிராம்தான்.

படம் எடுப்பதும் தாளில் இறக்குவதும்

கேமராவை எந்திரத்தின் நடு உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டரில் வைத்து, முடிந்தவரை பின்னால் போய், நீண்ட குவியத்தூர லென்ஸில் எடுங்கள். 5 மீட்டர் தள்ளி நின்றாலும், முன்முகத்திலிருந்து 5 செ.மீ. உள்ளே இருக்கும் கத்தி ஒரு சதவீதம் சின்னதாகத்தான் விழும், 330 மி.மீ. 327 ஆகிவிடும். முன்முகத்தை வைத்து அளவு கட்டிவிட்டு அதே அளவில் கத்தியை எடுப்பதுதான் பிழை. ஒவ்வொரு ஆழத்துக்கும் தெரிந்த ஓர் அளவை வைத்துத் தனித்தனியாகக் கட்டுங்கள். கத்திக்கு அதன் 13 அங்குலமே போதும். செல்பேசியின் அகலக்கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். 10 அடி நிலைக்கால் வில்லாகத் தெரிந்தால் அந்தப் படத்தை அளவுக்கு எடுக்கவேண்டாம், மூட்டு விவரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தாளின் அளவு முன்கூட்டியே பார்க்க வேண்டியது. முழு உயரம் 3048 மி.மீ. 1:10இல் 305, ஏ3 தாளில் நெட்டுவாக்கில் தாராளமாக அடங்கும். 1:5இல் 610, ஏ2 தாள் 594 மி.மீ.தான், 16 மி.மீ. வெளியே போய்விடும். எனவே முழுத் தோற்றம் 1:10, மூட்டுகள் 1:2. கத்தி மட்டும் 1:1: 330 × 267 மி.மீ. என்பதால் ஏ3 தாளில் மேலும் கீழும் 15 மி.மீ. விட்டு உட்காரும். நம் ஊர்ப் பட்டறைகளில் பழகிய முதல் கோண முறையிலேயே (வலப்பக்கத் தோற்றத்தை முன்தோற்றத்தின் இடப்பக்கம் வரைவது) போடுங்கள். ஆனால் அதன் அடையாளக் குறியைத் தாளின் மூலையில் கட்டாயம் வரையுங்கள். அமெரிக்க வழக்கம் மூன்றாம் கோணம், அதில் வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமே வரும்; குறி இல்லையென்றால் கீல் பட்டை எந்தப் பக்க நிலைக்காலில் என்பது தலைகீழாகிவிடும்.

ஒவ்வொரு தாளிலும் 100 மி.மீ. சோதனைக்கோடு இரண்டு, ஒன்று கிடையாக, ஒன்று நெடுக்காக. அச்சிடும் கடையில் ‘தாளுக்குள் அடக்கு’ என்ற அமைப்பு சத்தமில்லாமல் 3 சதவீதம் சுருக்கிவிடும். சில அச்சுப்பொறிகள் ஒரு திசையில் மட்டும் இழுக்கும், அதனால்தான் இரண்டு கோடு.

எண்ணை எந்த நுணுக்கத்தில் எழுதுவது என்பதிலும் நிதானம் வேண்டும். 4 அங்குலத்தை 1:6ஆக மாற்றினால் கால்குலேட்டர் 16.933 என்று காட்டும். அரை அங்குல நுணுக்கத்தில் பதிந்த அளவு அது; மூலத்திலேயே கால் அங்குலம் அப்படி இப்படி இருக்கலாம், மாதிரியில் அது ஒரு மி.மீ. ஆகவே 17 என்று எழுதுங்கள். தோற்ற அளவுகள் அரை மி.மீ. வரை, ஓடும் பொருத்தம் மட்டும் 0.1 வரை.

1:6இல் செய்யும்போது

1:12 கணக்குக்கு இனிமையானது, அடி அங்குலமாகிவிடும். ஆனால் ஈயம் 20 கிராம் ஆகிவிடுகிறது. காடியில் ஒட்டிய வார்னிஷ் பிசுக்கும் ஒரு தூசியும் அதை நடுவழியில் நிறுத்தப் போதும். கத்தி விழுந்து காட்ட வேண்டுமென்றால் 1:6க்குக் கீழே போகாதீர்கள். இந்த அளவில் நிலைக்கால் 508 மி.மீ., அடிக்கட்டை 254, தலைச்சட்டம் 101.5, முட்டின் கர்ணம் 220, குறுக்குக்கட்டை 34 × 19.

மரம்: ஓக் கிடைத்தாலும் அதன் துளைகள் 1:6இல் பள்ளமாகத் தெரியும். தேக்கிலும் அதே சிக்கல். இழை நெருக்கமான மஞ்சக்கடம்பு, அல்லது பொம்மைக் கடைசலுக்கு எடுக்கும் வெட்பாலை நன்றாக வரும். நிறத்துக்கு, கடுக்காயைத் தட்டி ஊறவைத்த தண்ணீரை முதலில் பூசிக் காயவிட்டு, துரு ஆணி போட்டு ஒரு வாரம் வைத்த வினிகரை மேலே தடவினால் பழைய ஓக்கின் சாம்பல் பழுப்பு வந்துவிடும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து கொடுக்கும் கறுப்பு அது. வினிகரைத் தண்ணீரில் பாதியாக நீர்த்து, கழிவுத் துண்டில் சோதித்துப் பூசுங்கள். நேராகப் பூசினால் மைக்கறுப்பாகிவிடும்.

நிலைக்காலில் 508 மி.மீ. நீளத்துக்கு 1.5 மி.மீ. அகலக் காடியை உளியால் வெட்ட முயல வேண்டாம். எங்காவது இழை ஓடி விளிம்பு பெயரும். மூன்று பட்டையாக ஒட்டுவதே வழி. முன்னும் பின்னும் 6.65 மி.மீ. கனத்தில் 17 அகலப் பட்டைகள், நடுவில் 1.5 மி.மீ. கனத்தில் 14.5 அகலப் பட்டை. மொத்தக் கனம் 14.8, உள்முகத்தில் 2.5 மி.மீ. ஆழக் காடி தானாகவே கிடைக்கும். மூன்றையும் ஒரே பலகையிலிருந்து அடுத்தடுத்து அறுத்தால் சாயத்துக்குப் பிறகு ஒட்டு தெரியாது. ஃபெவிகாலில் இருக்கும் தண்ணீர் மெல்லிய பட்டையை வளைக்கும். இரண்டு அலுமினியச் சேனல்களுக்கு நடுவே இறுக்கி ஒரு முழு நாள் விடுங்கள். பிதுங்கும் பசையை உடனே ஒரு தகட்டு முனையால் காடியிலிருந்து வழித்துவிட வேண்டும், காய்ந்தபின் எடுக்க முடியாது.

காடியின் 1.5 எப்படி வந்தது: கத்தி 1 மி.மீ. இரும்புத் தகடு, செம்பு உறை இருபுறமும் 0.1, மீதி 0.3 ஓட்டத்துக்கு. பக்கவாட்டில் கத்தி 55, காடியின் அடிக்கு அடி செம்பு போக 55.6; ஆக 0.6 விடுதல், அதாவது ஓடுவதற்கான இடைவெளி. இதில் கஞ்சத்தனம் செய்தால் மழைக்காலத்தில் தெரியும். மரம் நெடுக்கில் நகராது, குறுக்கில் உப்பும். 17 மி.மீ. நிலைக்கால் ஒன்றரை சதவீதம் உப்பினால் கால் மி.மீ.; அதில் பாதி உள்பக்கம் வரும், இரண்டு பக்கமும் சேர்த்து மறுபடி கால் மி.மீ. கோடையில் 0.2 விடுதலோடு வழுக்கிக்கொண்டு ஓடிய கத்தி ஐப்பசியில் பாதியில் நிற்பதன் காரணம் இதுவே. நிற்கிறதே என்று எண்ணெய் விடாதீர்கள். மரம் குடித்து இன்னும் உப்பும். மெழுகு அல்லது கிராஃபைட் தூள் போதும்.

கோணலாகப் போய் இறுகுவது வேறு நோய். ஈயத்தின் எடை நடுவிலிருந்து ஒரு பக்கம் தள்ளியிருந்தால் கத்தி சாய்ந்து காடியின் இரு மூலைகளில் கடிக்கும், இழுப்பறை சிக்குவதுபோல. எடை விலகிய தூரம், காடிக்குள் இருக்கும் கத்தியின் உயரத்தை உராய்வெண்ணின் இரு மடங்கால் வகுத்து வருவதை மீறினால், தானாக விழவே விழாது. மெய்டனின் கத்தி குறுக்கே 13, உயரம் 10½ என்று ஏறக்குறைய சதுரமாக இருப்பதால் அந்த எல்லை தூரத்தில் இருக்கிறது. உராய்வெண் 0.3 என்றால் 17½ அங்குலம் வரும். எடை கத்தியின் ஓரத்துக்கே போனாலும் 6½ தான் விலகும். கத்தியின் உயரத்தை அழகுக்காகக் குறைத்து வரைந்தால் இந்தப் பாதுகாப்பும் குறையும்.

ஈயம் 50 × 22.2 × 12.5 மி.மீ., 157 கிராம். உருக்கி ஊற்ற வேண்டியதில்லை, வீட்டு அடுப்பில் கூடவே கூடாது. 2 மி.மீ. ஈயத் தகட்டை வெட்டி ஆறு அடுக்கு வைத்துத் திருகாணியால் கத்தியோடு முடுக்கினால் போதும். கையுறை போடுங்கள், அரம், உப்புத்தாள் எதுவும் காட்ட வேண்டாம், தூள்தான் ஆபத்து. பித்தளையில் செய்ய விரும்பினால் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: அதே பருமன் என்றால் 118 கிராம்தான் வரும், அதே எடை என்றால் உயரம் 22க்குப் பதில் 30 மி.மீ. ஆகி உருவம் கெடும். பருமனைக் காப்பாற்றுவதே மேல், 118 கிராமும் விழும்.

கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஓக் மரத்திலிருந்து அசெட்டிக் அமில ஆவி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டியில் அது ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அருங்காட்சியகங்களுக்கே இது பழைய தலைவலி. வினிகர்ச் சாயம் பூசிய மாதிரியிலும் அதே அமிலம்தான். சாயத்துக்குப் பிறகு இரண்டு வாரம் காற்றாட விட்டு, ஈயத்துக்கு எல்லாப் பக்கமும் லாக்கர் அடித்த பின்பே பெட்டியில் வையுங்கள். வெள்ளை பூத்துவிட்டால் வெறுங்கையால் துடைக்கக் கூடாது, அந்தப் பொடி நச்சு.

குறுக்குக்கட்டையை வரையும்போது அதன் 4½ அங்குலக் கனம் நிலைக்காலின் 3½ஐவிட ஒரு அங்குலம் அதிகம் என்பதைக் காட்டுங்கள்; முன்னும் பின்னும் அரையரை அங்குலம் துருத்தும். 1:6இல் 2 மி.மீ. இதைச் சமமாக்கி வரைந்த மாதிரிகள் மொட்டையாகத் தெரியும். பிரெஞ்சு எந்திரத்தில் கத்தி கழுத்துப் பலகையைத் தாண்டிக் கீழே போய் நிற்கும். இங்கே அடியைத் தாங்குவது கட்டையின் மேல்விளிம்பில் இருக்கும் ஈயம். அதனால் மாதிரியிலும் அந்த ஈயப் பட்டையை ஒட்டாமல் வெறுமனே பள்ளத்தில் உட்கார வையுங்கள். நூறு தடவை விழுந்தால் கத்தியின் தடம் பதியும், எடுத்துத் திருப்பிப் போடலாம்.

விளிம்பைத் தீட்ட வேண்டாம். 0.3 மி.மீ. தட்டையாக விட்டால் படத்தில் கூராகவே தெரியும். ஈயமும் கத்தியும் சேர்ந்து 176 கிராம், கால் மீட்டர் விழுகிறது. விரலில் பட்டால் மொட்டை விளிம்பே தோலைக் கிழிக்கும். காட்சிக்கு வைக்கும்போது காடிக்குக் குறுக்கே ஒரு பித்தளை ஊசியைச் செருகி வைப்பது நல்லது. ஊசித் துளையை நிலைக்காலின் பின்முகத்தில் போட்டால் முன்னாலிருந்து தெரியாது.

விழுவதைப் படம்பிடிப்பவர்களுக்கு: மூலத்தில் கத்தி சுமார் 1.6 மீட்டர் விழுந்திருந்தால் 0.57 நொடி. மாதிரியில் 0.23 நொடி, கண்ணில் பிடிபடாது. நேரம் 6இன் வர்க்கமூலமான 2.45 மடங்கு சுருங்குகிறது. நொடிக்கு 60 சட்டகம் எடுத்து 24 சட்டகத்தில் ஓட்டினால் பத்தடி எந்திரத்தின் கனம் திரையில் வந்துவிடும்.